விற்பனைக் கடிதத்துக்குப் பதில் வரவில்லையா? யாருக்கு எழுதினீர்கள் என்று முதலில் பாருங்கள்

கேள்வி: ஆலைகளில் காற்றை அழுத்தி இயந்திரங்களுக்கு அனுப்பும் கம்பிரசர்களுக்குச் சர்வீஸ் செய்யும் சிறு நிறுவனம் நடத்துகிறேன். காற்றுக் குழாய்களில் இருக்கும் கசிவுகளைக் கருவி வைத்துக் கண்டுபிடித்து அடைத்துத் தருவதும் எங்கள் வேலை. நேரில் போய்ப் பேசினால் ஆர்டர் கிடைக்கிறது. கடிதம் எழுதினால் ஒன்றும் நடப்பதில்லை. அண்மையில் 150 ஆலைகளுக்குத் தபாலிலும் மின்னஞ்சலிலும் எழுதினேன். வந்தது 2 பதில். அதிலும் ஒன்று, ‘தேவைப்பட்டால் அழைக்கிறோம்’ என்பது. கடிதத்தின் நகலை இணைத்திருக்கிறேன். என் மொழிநடையில் குறையா? கடிதம் நீளமாக இருக்கவேண்டுமா, சுருக்கமாகவா? திரும்பத் திரும்ப எழுதலாமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

உங்கள் மொழிநடையில் குறை இல்லை. பிழையில்லாமல், மரியாதையாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் 150 பேருக்கும் ஒரே கடிதத்தை, ‘மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்’ என்று தொடங்கி அனுப்பியிருக்கிறீர்கள். உறையைப் பிரிப்பவர் யார், அவர் தலையில் என்ன கவலை, இந்தக் கடிதத்தால் அவருக்கு என்ன ஆகவேண்டும் என்ற எண்ணம் அதில் எங்கேயும் தெரியவில்லை. நேரில் போகும்போது உங்களுக்கு ஆர்டர் கிடைப்பதன் காரணமும் இதுதான் என்று நினைக்கிறேன். நேரில் நீங்கள் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பேசுகிறீர்கள். அவர் மின்கட்டணம் என்றால் நீங்களும் மின்கட்டணம் பேசுவீர்கள். பிரஷர் போதவில்லை என்றால் அதைப் பேசுவீர்கள். காகிதத்தை எடுத்ததும் அந்த மனிதர் மறைந்துவிடுகிறார். உங்கள் நிறுவனம் மட்டும் நிற்கிறது.

உங்கள் கடிதத்தின் தொடக்கத்தை இங்கே எடுத்து வைக்கிறேன்:

“எங்கள் நிறுவனம் கடந்த 12 ஆண்டுகளாகக் கம்பிரசர் பராமரிப்புத் துறையில் சிறந்து விளங்கி வருகிறது என்பதைத் தங்களுக்குத் தெரிவித்துக்கொள்வதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம். தரம், நேரம் தவறாமை, வாடிக்கையாளர் திருப்தி ஆகிய மூன்றுமே எங்கள் தாரக மந்திரம்.”

அதன் பிறகு ஒன்பது சேவைகளின் பட்டியல். முடிவில், “தங்களின் மேலான ஆதரவை நாடுகிறோம்.” இதில் மகிழ்ச்சி அடைவது நீங்கள், மந்திரம் உங்களுடையது, ஆதரவு வேண்டியதும் உங்களுக்கு. படிப்பவருக்கென்று ஒரு வரிகூட இல்லை. அதைவிட எனக்கு வருத்தம் தந்தது, காற்றுக் கசிவு கண்டுபிடித்தல் என்ற உங்கள் தனித்த திறமை அந்தப் பட்டியலில் ஏழாவதாக, ஆயில் ஃபில்டர் மாற்றுவதற்கும் பழைய கம்பிரசர் விற்பதற்கும் நடுவே கிடப்பது. பெரும்பாலான சர்வீஸ்காரர்கள் செய்யாத வேலை அது. கடிதம் முழுவதும் அதைப்பற்றியே இருந்திருக்கவேண்டும்.

ஒரு கடிதத்தில் ஒரு சரக்குதான். மற்ற எட்டும் உள்ளே போன பிறகு தானாக வரும்.

சரி, யாருக்கு எழுதுவது? இதில்தான் நீங்கள் அதிக நேரம் செலவிடவேண்டும். ஒரு ஆலையில் உங்கள் கடிதம் மூன்று பேரில் ஒருவர் கைக்குப் போகும்: பர்சேஸ், மெயின்டனன்ஸ், அல்லது முதலாளி.

பர்சேஸ் பிரிவு தானாக எதையும் வாங்காது. உள்ளேயிருந்து யாராவது ‘இது வேண்டும்’ என்று எழுதிக் கொடுத்தால்தான் அங்கே காகிதம் நகரும். அவர்களுக்குப் போகும் அறிமுகக் கடிதம் கோப்பில் செருகப்படும். விற்பனையாளர் பட்டியலில் பெயர் சேர்க்க என்னென்ன ஆவணம் வேண்டும் என்று கேட்க மட்டும் அவர்களுக்கு எழுதுங்கள்.

முதலாளிக்கு எழுதலாம். மின்கட்டணம் அவர் பையிலிருந்து போவது. ஆனால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. ‘உங்கள் ஆலையில் கால் பங்குக் காற்று வீணாகிறது’ என்று நீங்கள் முதலாளிக்கு எழுதினால், அவர் அந்தக் கடிதத்தின் மேல் ‘இது என்ன?’ என்று எழுதி மெயின்டனன்ஸ் தலைவருக்கு அனுப்புவார். அந்த நொடியிலிருந்து அவர் உங்களுக்கு எதிராளி. பல வருடம் கட்டிக் காத்த பிளான்ட்டைப்பற்றி வெளியாள் ஒருவர் மேலிடத்தில் புகார் சொன்னதாகத்தான் அவருக்குப் படும். ‘நம்மிடம் அப்படிப் பெரிய கசிவு எதுவும் இல்லை’ என்று அவர் ஒரு வரி பதில் எழுதிவிட்டால் கதை முடிந்தது. நீங்கள் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். அதற்காக அவர் தன்னைத்தானே குற்றவாளி ஆக்கிக்கொள்ள மாட்டார்.

ஆகவே உங்கள் கடிதம் மெயின்டனன்ஸ் தலைவருக்கே போகட்டும், அவர் பெயரிட்டு. பெயர் தெரியவில்லையென்றால் ஆலையின் பொது எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள், பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். அவருக்கு எழுதும்போது நோக்கம் ஒன்றே: அவரே கண்டுபிடித்து, அவரே சரிசெய்து, அவரே மேலிடத்தில் சொல்லிக்கொள்ளக்கூடிய ஒன்றை அவர் கையில் கொடுப்பது. அவரைக் குறைசொல்லாத, அவருக்கு நல்ல பெயர் வாங்கித் தரக்கூடிய கடிதம் அது.

அப்படி எழுதிப் பார்த்தேன். (மற்ற வாசகர்களுக்காக: கம்பிரசர் காற்றை அழுத்தித் தரும் நேரம் ‘லோட்’, அழுத்தாமல் சும்மா ஓடும் நேரம் ‘அன்லோட்’.) அப்படியே பயன்படுத்தவேண்டாம், உங்கள் பேச்சு வழக்குக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

*பொருள்: இயந்திரங்கள் நின்ற பிறகும் கம்பிரசர் லோட் எடுக்கிறதா?*

*மதிப்பிற்குரிய (பெயர்) அவர்களுக்கு,*

*காற்றில் ஓடும் இயந்திரங்கள் எல்லாம் நின்ற பிறகும் கம்பிரசர் அவ்வப்போது லோட் எடுத்தால், அந்தக் காற்று கசிவில்தான் போகிறது. எவ்வளவு போகிறது என்பதை உங்கள் ஆட்களே ஒரு கடிகாரம் வைத்து அளந்துவிடலாம்.*

*விடுமுறை நாளில் கம்பிரசரை மட்டும் ஓடவிட்டு, லோடில் இருக்கும் நேரத்தையும் அன்லோடில் இருக்கும் நேரத்தையும் ஐந்தாறு சுற்றுகளுக்குக் குறித்துக்கொள்ளுங்கள். மொத்த லோட் நேரத்தை, இரண்டு நேரங்களின் கூட்டுத்தொகையால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் கசிவின் சதவீதம் கிடைக்கும். 3 நிமிடம் லோட், 9 நிமிடம் அன்லோட் என்றால் 25 சதவீதம். (வேகம் மாறி ஓடும் வகைக் கம்பிரசருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.)*

*கம்பிரசர் தரும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் வரை கசிவில் போகக்கூடும் என்று அமெரிக்க எரிசக்தித் துறையின் குறிப்பு சொல்கிறது. தொடர்ந்து கவனித்தால் அதை 10 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர முடியும்.*

*உங்களுக்கு வரும் எண் 10-ஐத் தாண்டினால், அந்த எண்ணை மட்டும் எனக்கு அனுப்புங்கள். முதலில் எங்கெங்கே பார்க்கவேண்டும் என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதி அனுப்புகிறேன். அதற்குக் கட்டணம் இல்லை. பிறகு நாங்கள் வந்து பார்க்கவேண்டும் என்று நீங்கள் நினைத்தால், மீயொலிக் கருவியால் பார்ப்பதால் உற்பத்தியை நிறுத்தவேண்டியிருக்காது.*

*அன்புடன்,*
*(பெயர், கைபேசி எண்)*

*பி.கு.: எண் 10-க்குக் கீழே வந்தால் நீங்கள் எங்களை அழைக்கவேண்டிய அவசியமே இல்லை. உங்கள் பராமரிப்பு நன்றாக இருக்கிறது.*

இதில் ‘எங்கள் நிறுவனம்’ என்ற சொல்லே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். உங்கள் 12 வருட அனுபவம் எங்கே போனது என்று கேட்பீர்கள். அந்தக் கணக்கிலும் அடைப்புக்குறிக்குள் இருக்கும் வரியிலும் இருக்கிறது. வேகம் மாறும் கம்பிரசருக்கு இது பொருந்தாது என்று தொழில் தெரிந்தவரால்தான் சொல்ல முடியும். அந்த ஒரு வரியைப் படித்ததும் மெயின்டனன்ஸ்காரருக்கு உங்கள்மேல் நம்பிக்கை வரும். ‘சிறந்து விளங்குகிறோம்’ என்று பத்து முறை எழுதினாலும் வராது.

இன்னொன்று. இந்தக் கடிதம் ஆர்டர் கேட்கவில்லை, ஓர் எண்ணைக் கேட்கிறது. கம்பிரசர் பராமரிப்பு ஒப்பந்தத்தைக் கடிதம் பார்த்து யாரும் கொடுக்கமாட்டார்கள். கடிதத்தின் வேலை அடுத்த படி வரைக்கும்தான். அந்த அடுத்த படி எவ்வளவு சின்னதாக இருக்கிறதோ அவ்வளவு எளிதாக அவர் கால் வைப்பார்.

கேட்பது பெரிதாகும்போது காரணமும் கனமாக இருக்கவேண்டும் என்பதற்கு ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. எல்லன் லாங்கர் என்ற உளவியலாளரும் அவர் சகாக்களும் 1978-இல் வெளியிட்டது. நகல் எடுக்கும் இயந்திரத்தின் முன் நிற்பவரிடம் ஒருவர் போய், ‘என்னிடம் 5 பக்கம் இருக்கிறது, முதலில் நான் எடுத்துக்கொள்ளலாமா?’ என்று கேட்பார். காரணம் சொல்லாதபோது 60 சதவீதம் பேர் விட்டுக்கொடுத்தார்கள். ‘அவசரமாகப் போகவேண்டும்’ என்று சேர்த்தபோது 94. ‘நகல் எடுக்கவேண்டியிருக்கிறது’ என்ற வெற்றுக் காரணத்துக்கும் 93. இதுவரைக்கும் விற்பனைப் பயிற்சி வகுப்புகளில் சொல்வார்கள். ஏதோ ஒரு காரணம் சொன்னால் போதும் என்று முடித்துவிடுவார்கள். ஆய்வின் மறுபாதிதான் நமக்கு முக்கியம். 20 பக்கம் என்று கேட்டபோது, காரணம் இல்லாமல் 24 சதவீதம், வெற்றுக் காரணத்துக்கும் அதே 24, உண்மையான காரணத்துக்கு 42. ஒருவரின் நேரத்தைக் கணிசமாகக் கேட்கும்போது ஒப்புக்குச் சொல்லும் காரணம் செல்லாது. ‘எங்கள் சேவையை அறிமுகப்படுத்த உங்களைச் சந்திக்க விரும்புகிறோம்’ என்பது வெற்றுக் காரணம். சந்திப்பு கேட்கத்தான் போகிறீர்கள் என்றால், அவர் பக்கத்து நியாயம் ஒன்றைச் சொல்லவேண்டும்.

பின்குறிப்பை விட்டுவிடாதீர்கள். ஜெர்மனியில் சீக்ஃப்ரீட் ஃபோகலே என்பவர், கடிதத்தைக் கையில் எடுத்தவர்களின் கண் எங்கெங்கே போகிறது என்று கேமரா வைத்துப் பார்த்தவர். மேலிருந்து கீழாக யாரும் ஒழுங்காகப் படிப்பதில்லை. தன் பெயர், அனுப்பியவர் யார், கையெழுத்து, அதன் கீழே பின்குறிப்பு என்று தாவித் தாவிப் பார்த்துவிட்டுத்தான் படிக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். ஆகவே பின்குறிப்பில் மறந்துபோன செய்தியைப் போடாதீர்கள். கடிதத்தில் இருப்பவற்றிலேயே வலுவான ஒன்றை அங்கே போடுங்கள். ‘எங்களை அழைக்கவேண்டிய அவசியமில்லை’ என்று எழுதக் கை தயங்கும். தயங்காமல் எழுதுங்கள். தேவையில்லாதவரிடம் விற்கமாட்டேன் என்று சொல்பவரைத்தான், தேவை வரும்போது கூப்பிடுவார்கள். அது வெறும் உத்தியாகவும் இருக்கக்கூடாது. 8 சதவீதம் என்று ஒருவர் பதில் எழுதினால், நன்றி சொல்லி, நன்றாகப் பராமரிக்கிறீர்கள் என்று மனதாரச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளவேண்டும்.

எண்களைப்பற்றியும் இதே கண்டிப்புடன் இருங்கள். ‘மின்கட்டணத்தில் 30 சதவீதம் மிச்சம்’ என்று எழுதினால் அது பொய். கசிவு 30 சதவீதம் என்றால் கம்பிரசர் தரும் காற்றில் 30 சதவீதம். ஆலையின் மொத்த மின்சாரத்தில் அல்ல. கசிவை அடைத்தாலும், கம்பிரசரின் கட்டுப்பாட்டைச் சரியாக அமைக்காவிட்டால் மிச்சம் முழுதாகக் கைக்கு வராது. இந்த வேறுபாடு உங்களுக்குத் தெரியும். மெயின்டனன்ஸ் தலைவருக்கும் தெரியும். ஒரே ஒரு ஊதிப் பெருக்கிய எண்ணைப் பார்த்தால் மீதியைப் படிக்காமல் போட்டுவிடுவார். பழைய வாடிக்கையாளர் ஒருவரின் ஆலையில் அளந்த முன்-பின் கணக்கு இருந்தால், அவர் அனுமதி பெற்று ஒரு வரியில் சேருங்கள். அதற்கு நிகரான சான்று வேறு இல்லை.

நீளமா, சுருக்கமா என்று கேட்டிருந்தீர்கள். விற்பனைக் கடித உலகில் எல்லோரும் எடுத்துக்காட்டும் கடிதம் ஒன்று உண்டு. ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ நாளிதழுக்குச் சந்தா சேர்க்க மார்ட்டின் கான்ராய் எழுதியது. ஒரே கல்லூரியில் படித்து முடித்த இரண்டு இளைஞர்கள், 25 வருடம் கழித்துத் திரும்பி வருகிறார்கள், ஒருவர் சிறு பிரிவின் மேலாளர், மற்றவர் நிறுவனத் தலைவர் என்று கதைபோலத் தொடங்கி இரண்டு பக்கம் ஓடும். 1975 முதல் 2003 வரை, 28 வருடம் அதைப் பயன்படுத்தினார்கள். அது வீட்டில் உட்கார்ந்து படிக்கும் தனிமனிதருக்குப் போன கடிதம்; கடிதமே சந்தாவை வாங்கிக்கொண்டு வரவேண்டியிருந்தது. உங்களுடையது வேலை நேரத்தில், இயந்திரச் சத்தத்துக்கு நடுவே நிற்பவருக்குப் போவது. ஓர் எண்ணைத்தான் கேட்கிறது. கடிதம் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு நீளம் போதும். உங்களுக்கு ஒரு பக்கம் தாராளம். ஆனால் சுருக்கவேண்டும் என்பதற்காக அந்தக் கணக்கைத் தூக்கிவிடாதீர்கள். அதை எடுத்துவிட்டால் கடிதத்தில் மிஞ்சுவது உங்கள் கைபேசி எண்தான்.

மின்னஞ்சலுக்குச் சில வார்த்தைகள். 150 முகவரிகளையும் ஒரே மின்னஞ்சலில் போட்டு அனுப்பாதீர்கள். ஒவ்வொன்றாகப் பெயரிட்டு அனுப்புங்கள். முதல் மின்னஞ்சலில் கம்பெனி புரோஷரை இணைக்கவேண்டாம். தெரியாதவரிடமிருந்து வரும் இணைப்பை யாரும் திறப்பதில்லை, திறக்கவும் கூடாது. பொருள் வரி கைபேசித் திரையில் பாதியில் வெட்டப்படும் என்பதால் முக்கியமான சொல் முன்னால் வரட்டும். உங்கள் நிறுவன டொமைனுக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம் என்ற, மின்னஞ்சல் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் அடையாளச் சரிபார்ப்புகள் போட்டிருக்கிறதா என்று உங்கள் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் கேளுங்கள். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலுக்கு எழுதும் எல்லோரும் இவற்றில் ஒன்றையாவது வைத்திருக்கவேண்டும். ஒரு நாளைக்கு 5,000-க்கு மேல் அனுப்புபவர்களுக்கு இரண்டும் வேண்டும், டிமார்க் என்ற மூன்றாவது சரிபார்ப்பும் வேண்டும். இது இல்லாமல் உங்கள் 150-இல் எத்தனை ஸ்பாம் பெட்டிக்குள் போனதோ! வேண்டாம் என்று சொல்பவரைப் பட்டியலிலிருந்து உடனே நீக்கிவிடுங்கள். நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். அமெரிக்கச் சட்டத்தில் 10 வேலை நாட்களுக்குள் நீக்கவேண்டும், மின்னஞ்சலில் உங்கள் தபால் முகவரியும் இருக்கவேண்டும். சட்டம் கேட்காவிட்டாலும் இரண்டையும் செய்வது நல்லது.

திரும்ப எழுதலாமா? கட்டாயம் எழுதவேண்டும். ஆனால் ‘எங்கள் முந்தைய கடிதத்தைப் பார்த்தீர்களா’ என்று எழுதக்கூடாது. அது கடன் வசூலிப்பதுபோல இருக்கும். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றைக் கொடுங்கள். முதல் கடிதத்தில் கசிவை அளக்கும் முறை. இரண்டு மூன்று வாரம் கழித்து, கசிவு அதிகம் இருக்கும் இடங்கள்: ஹோஸ் இணைப்புகள், விரைவாகக் கழற்றி மாட்டும் கப்ளிங், ரெகுலேட்டர், தண்ணீர் வடியும் டிரெயின் வால்வு, எதை எப்படிப் பார்ப்பது என்று அரைப்பக்கம். மூன்றாவதாக, தேவைக்கு மேல் பிரஷர் வைத்திருப்பதால் ஆகும் செலவு. பொதுவாக 7 பார் (பிரஷரை அளக்கும் அலகு) அளவில் ஓடும் கம்பிரசரில் 1 பார் குறைத்தால் ஏறக்குறைய 7 சதவீதம் மின்சாரம் குறையும் என்பது உங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அதை அவர் ஆலைக்கு எப்படிப் பாதுகாப்பாகச் சோதிப்பது என்று சொல்லுங்கள். மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் சில மாதங்கள் விட்டுவிடுங்கள்.

‘தேவைப்பட்டால் அழைக்கிறோம்’ என்று எழுதியவரை நீங்கள் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டீர்கள். எழுதிய 150 பேரில் நேரம் ஒதுக்கிப் பதில் போட்ட இருவரில் ஒருவர் அவர். கடிதத்தில் ஏதோ ஒன்று அவருக்குப் பட்டிருக்கிறது. அவருக்குத்தான் மேலே இருக்கும் கணக்கை முதலில் அனுப்பவேண்டும்: “பதிலுக்கு நன்றி. தேவை இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ள ஒரு வழி எழுதியிருக்கிறேன்” என்று தொடங்குங்கள்.

கடைசியாக, அடுத்த முறை 150-ஐயும் ஒரே நாளில் அனுப்பித் தீர்த்துவிடாதீர்கள். வாரத்துக்கு 15 அல்லது 20 அனுப்புங்கள். பெயர் கண்டுபிடிக்கவும், வரும் பதிலுக்கு அன்றே எழுதவும் நேரம் இருக்கும். ஒரு நோட்டில் ஆலை, யாருக்கு எழுதினீர்கள், அவர் என்ன சொன்னார், அடுத்து எப்போது எழுதவேண்டும் என்று குறித்து வாருங்கள். வெவ்வேறு பொருள் வரிகளைச் சோதித்துப் பார்க்க ஆசை வரும். இந்த அளவு எண்ணிக்கையில் ஒன்றுக்கு 2 பதில், இன்னொன்றுக்கு 4 பதில் என்று வந்தால் அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது; தற்செயலாகவே அப்படி வரும். அதற்குப் பதிலாக, எண்ணை அனுப்பியவர்களை அழைத்து, ‘கடிதத்தில் எந்த வரியைப் பார்த்து அளக்கலாம் என்று தோன்றியது?’ என்று கேளுங்கள். ஐந்தாறு பேர் சொல்வதைக் கேட்ட பிறகு அடுத்த கடிதத்தின் முதல் வரியை எழுதுங்கள்.